இதே எழுத்து, வேற ஆளு

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். பனியன் கம்பெனி முதலாளி பழனிசாமி அண்ணன். அவர் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற இன்னொரு பழனிசாமி. எங்கள் ஆபீஸில் எனக்கு மேலே இருந்த ஜெசிந்தா அக்கா. அப்புறம் நான். இருந்திருக்க வேண்டிய எங்கள் முதலாளி மோகன் சார் இல்லை. எந்த சாப்ட்வேரால் நாங்கள் மாட்டிக்கொண்டு முழித்தோமோ, அதே சாப்ட்வேரை அந்த நேரத்தில் அவர் சோமனூரில் ஒரு தறி முதலாளிக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

பழனிசாமி அண்ணன் காபி வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, கட்டைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்தார். குழாய் மாதிரி பின்னிய பனியன் துணி. இன்னும் வெட்டாதது. வெளிர் ரோஸ் கலர். எழுந்து வந்து என் மேஜையில் இருந்த மானிட்டரின் தலைவழியாக அதை மாட்டி, இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார். அந்தக் காலத்துப் பெட்டி மானிட்டர். துணி முக்கால்வாசி தடையில்லாமல் இறங்கி உட்கார்ந்தது.

"ஏனுங் கண்ணு, பொருந்துதுங்களா?" என்றார்.

துணியின் மடிப்பை நீவிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"இது சின்னப் பொட்டப்புள்ளைக்குப் போடற சிம்மீஸ் துணி கண்ணு. உங்க டிவிப் பொட்டிக்கே தாராளமா இருக்குது. ஆயரம் புள்ளைக்கு வேணும்னு கேட்டான் சரக்கு வாங்கற பையர். நாம ஆயரம் மானிட்டருக்கு ஓட்டியிருக்கறோம்."

கம்ப்யூட்டர் பழனிசாமி தரையைப் பார்த்தார். ஜெசிந்தா அக்கா சிரிக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. துணியின் ஓரத்தை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "செல்வா, எந்த வரியில மாறிச்சுன்னு எடு" என்றார்.

போன மாதம் நான் இந்தத் தொழிலிலிருந்து விலகினேன். இந்த வயதில் ஓய்வு என்று சொல்ல எனக்கே கூச்சம்தான். நான் எழுதிப் பராமரித்த பிளக்இன்னை கம்பெனி நிறுத்தியது. அதோடு நானும் நிறுத்திக்கொண்டேன். எனக்கு விடைகொடுத்த அன்று, புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: "அண்ணா, எடிட்டர்ல ஒரு பேரை மாத்தறதுக்கா இத்தனை வருசம் வேலை பாத்தீங்க? இப்ப அதுவே மாத்திடுதே?" கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் அப்பா சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். கம்ப்யூட்டர் படித்து முடித்து, சாப்ட்வேர் கம்பெனி ஒன்று ஆறு மாதம் சம்பளமில்லாமல் வைத்துக்கொண்டு வெளியே அனுப்பி, அதன் பிறகு திருப்பூரில் மோகன் சாரிடம் வந்து சேர்ந்தேன். மாடியில் ஆபீஸ், கீழே நூல் கடை. ஆறேழு பேர். வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா கேட்டார்: "என்ன வேலை சாமி?"

"எழுதறவங்களுக்கு எழுதறதுக்கு ஒத்தாசை பண்றதுங்கம்மா."

"அப்ப நீயி எழுதறதில்லியா?"

இப்போது யோசித்தால் பிளக்இன் வேலையை அதைவிடச் சரியாக யாரும் கேட்டதில்லை. எடிட்டர் என்பது புரோகிராம் எழுதுகிறவர்கள் உட்கார்ந்து எழுதும் இடம். பிளக்இன் என்பது அதில் நாம் கொண்டுபோய் மாட்டும் உதிரி. எழுதுவது அவர்கள், அவர்கள் கை தவறாமல் பார்த்துக்கொள்வது நாம்.

எங்கள் ஆபீஸ் பனியன் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் செய்தது. நூல் வாங்குவது முதல் பெட்டி கட்டுவது வரை எல்லாம் அதில் ஓடும். ஆனால் இந்த ஊரில் இரண்டு கம்பெனி ஒரே மாதிரி கணக்குப் போடாது. சாயத்தில் எவ்வளவு எடை குறையும், எந்த மெஷினில் எந்தத் துணி என்று ஆளுக்கொரு வழி. அதனால் ஜெசிந்தா அக்கா ஒரு சின்ன மொழியை உருவாக்கியிருந்தார். கம்பெனிக்காரர்களே தங்கள் கணக்கை அதில் விதிகளாக எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதுவதற்கு இலவசமாகக் கிடைத்த ஓர் எடிட்டரைக் கொடுத்தோம். அந்த எடிட்டருக்கு எங்கள் மொழியைப் புரியவைக்கும் பிளக்இன் என் பொறுப்பு. சொற்களுக்குக் கலர் கொடுப்பது, தப்புக்கு அடியில் சிவப்புக் கோடு போடுவது, ஒரு பெயரை மாற்றினால் அது வரும் எல்லா இடத்திலும் மாற்றிக் கொடுப்பது.

அந்தக் கடைசி வேலைதான் மானிட்டருக்கு சிம்மீஸ் போட்டது.

நடந்தது இதுதான். குழாயாகப் பின்னும் துணியின் அளவை, டயாமீட்டரைச் சுருக்கி, இங்கே எல்லாரும் டயா என்றுதான் பேசுவார்கள். நிட்டிங் மெஷினின் வட்ட அளவும் டயா. சாயம் ஏறி, காம்பாக்டிங்கில் நீராவி பட்டு அமுங்கி வெளியே வரும் துணியின் அகலமும் டயா. இரண்டும் வேறு வேறு எண். அகலம் எப்போதும் பெரியதாக இருக்கும். பேசுகிறவர்களுக்குக் குழப்பமே கிடையாது. நிட்டிங்காரர் டயா என்றால் மெஷின், காம்பாக்டிங்காரர் டயா என்றால் துணி. விதிகளிலும் அப்படியே எழுதியிருந்தார்கள். நிட்டிங் பகுதியில் ஒரு டயா, காம்பாக்டிங் பகுதியில் ஒரு டயா.

கம்ப்யூட்டர் பழனிசாமி பொறுப்பான ஆள். காம்பாக்டிங்கில் இருப்பதை பினிஷ் டயா என்று மாற்றினால் படிக்கிறவர்களுக்குத் தெளிவாக இருக்குமே என்று நினைத்தார். எங்கள் பிளக்இன்னில் பெயர் மாற்று பட்டனை அழுத்தினார். எங்கள் பிளக்இன் அந்த எழுத்துகளைத் தேடி, கண்ட இடத்திலெல்லாம் மாற்றியது. நிட்டிங்கில் இருந்த டயாவும் பினிஷ் டயாவாகிவிட்டது. ஆர்டர் ஷீட்டில் பினிஷ் டயா என்று ஏற்கெனவே ஒரு எண் இருந்ததால் சாப்ட்வேர் எந்தத் தப்பையும் காட்டாமல் அதை எடுத்துக்கொண்டது. மெஷின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் துணியின் அகலம் ஏறி உட்கார, எந்த அளவு மெஷினில் ஓட்டுவது என்று சொல்லும் நிட்டிங் புரோகிராம் அப்படியே பிரிண்ட் ஆகிப் பெருமாநல்லூரில் கூலிக்கு ஓட்டுகிறவருக்குப் போனது. அவர் பேப்பரில் இருந்த டயாவில் ஓட்டினார். சாயப்பட்டறை சொன்ன கலரில் சாயம் போட்டது. காம்பாக்டிங்கில்தான், துணி அகலம் கூடி மெஷினில் கொள்ளவில்லை என்று போன் வந்தது.

வரியைக் கண்டுபிடித்துக் காட்டினேன். பழனிசாமி அண்ணன் திரையைப் பார்க்கவில்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க அம்மிணி" என்றார் ஜெசிந்தா அக்காவிடம்.

அக்கா தூத்துக்குடிப் பக்கம். கோபம் வந்தால் அந்தப் பேச்சு அப்படியே வரும். அன்றைக்கு நிதானமாகத்தான் பேசினார். "அண்ணாச்சி, உங்க கம்பெனியில எத்தன பழனிசாமி?"

"நானு. இந்தா இவன். கட்டிங்ல ஒருத்தன். மூணு பேருங்க."

"மைக்கில பழனிசாமி வாங்கன்னா?"

"மூணு பேரும் வருவோம்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். "அட, கட்டிங்காரன் பேரை மாத்தறேன்னு என்ற பேரையும் மாத்திப் போட்டீங்களாக்கும்?"

"ஆமாண்ணாச்சி. எழுத்தைத்தான் பாத்தோம். ஆளைப் பாக்கல."

அதற்குள் அக்கா போனை எடுத்திருந்தார். சோமனூரில் மோகன் சார் எடுத்தார். ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்குக் கேட்டது.

"சார், அங்க பிளக்இன் போட்டிருந்தா எடுத்துருங்க."

"ஜெசிந்தா! அட்வான்ஸ் செக் எழுதிட்டு இருக்காருங்க!"

"அப்ப பேனாவ வாங்கிருங்க சார்."

பழனிசாமி அண்ணனுக்கு முதன்முதலாக முகம் இளகியது. ஆனால் கிளம்பும்போது சொன்னதில் இளக்கம் இல்லை. "அடுத்த ஆர்டருக்கு ஆடிப் பதினெட்டு கழிச்சுத்தான் நிட்டிங் புரோகிராம் போடறேன். அது வரைக்கும் கையில எழுதிக்கறேன். அதுக்குள்ள நீங்க சரி பண்ணி என் முன்னால காட்டோணும். இல்லீன்னா உங்க கம்ப்யூட்டர ஏறக்கட்டிப்போட்டு நான் பழையபடி கைக்கே போயிக்கறேனுங்க."

அவர் எங்களுடைய முதல் வாடிக்கையாளர். மற்ற கம்பெனிகள் எல்லாம் அவர் சொல்லி வந்தவை. அவர் போனால் டீக்கடையில் ஒரே காலையில் செய்தி பரவும்; அத்தனை பேரும் போவார்கள். வருடச் சந்தாவில்தான் எங்கள் சம்பளமே. ஆக, அந்த ஆடிக்குள் அவர் மறுபடி அந்தப் பட்டனை நம்பி அழுத்துவாரா, மாட்டாரா என்பதில் ஆபீஸ் இருந்தது.

மோகன் சார் திரும்பி வந்ததும் ஒட்டுப்போடச் சொன்னார். "பகுதிக்குள்ள மட்டும் தேடி மாத்தட்டும். நிட்டிங்னா நிட்டிங்ல மட்டும். ரெண்டு நாள் வேலை." நானும் அதையே யோசித்து வைத்திருந்தேன்.

அக்கா மாட்டேன் என்றார். "ஒரு பகுதியில இருக்கத அடுத்த பகுதி கூப்பிடும் சார். அங்க மாத்தாம விட்டா அது ஒரு தப்பு. இன்னிக்கு டயா, நாளைக்கு கிராம், அடுத்து லாஸ். ஒவ்வொண்ணுக்கும் ஒரு துணியக் கொண்டாந்து மானிட்டர்ல மாட்டுவாவ."

"ஜெசிந்தா, டைம் இல்லீங்க."

"அதனாலதான் சார் சொல்லுதேன். ரெண்டு தடவ செய்ய டைம் இல்ல."

இந்த இடத்தில் அக்கா வேலை பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். யாராவது உதவி கேட்டால் அவர் திரையைப் பார்க்க மாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "சொல்லு" என்பார். நாம் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். "டி, ஐ, ஏ" என்று ஆரம்பித்தால் கையை உயர்த்துவார். "எழுத்தைச் சொல்லாத. ஆளைச் சொல்லு. யாரு, எங்க பொறந்தான், யாரெல்லாம் அவனக் கூப்பிடுதாவ?" அதைச் சொல்ல முடியாவிட்டால் நமக்கு அந்த வரி புரியவில்லை என்று அர்த்தம். சத்தம் போட மாட்டார். திரும்பவும் மாட்டார். நாம் கண்டுபிடித்துச் சொல்லும் வரை அந்த முதுகு அப்படியே இருக்கும். கொஞ்ச நாளில் அந்த முதுகிடமே பேசப் பழகியிருந்தோம்.

எங்கள் ஆபீஸில் ஆளு என்ற சொல் அப்படித்தான் வந்தது. எடிட்டரின் ஆவணங்களில் அதற்கு எலிமெண்ட் என்று பெயர். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆவணங்களை வரிவரியாகப் படித்தேன். படித்ததை என் பேச்சில் சொல்கிறேன்.

எடிட்டரில் திறந்த கோப்பு முதலில் வெறும் எழுத்து வரிசை. இத்தனாவது எழுத்து டி, அடுத்தது ஐ. அந்த அளவில் எடிட்டருக்கு எங்கள் மொழியும் ஒன்றுதான், எங்கள் வீட்டுப் பால் கணக்கும் ஒன்றுதான். பிளக்இன் எழுதுகிறவன் மொழியின் இலக்கணத்தைக் கொடுத்தால் அந்த எழுத்துகளுக்கு மேலே ஒரு மரம் எழும்பும். கோப்பு, அதற்குள் பகுதி, பகுதிக்குள் விதி, விதிக்குள் பெயர். இப்போது டயா என்பது டி, ஐ, ஏ என்ற மூன்று எழுத்து இல்லை. நிட்டிங் பகுதியில் நான்காம் விதியில் நிற்கிற ஒரு பெயர். ஆனாலும் அது யார் என்று இன்னும் தெரியாது. அதற்குத்தான் மூன்றாவது வேலை: ஒவ்வொரு பெயரிடமும், நீ யாரைக் குறிக்கிறாய் என்று கேட்டு, அது பிறந்த இடத்துக்கு ஒரு நூலைக் கட்டுவது. கட்டிவிட்டால் பெயர் மாற்றுவது சுலபம். எடிட்டர் நம்மிடம் கேட்கும், இங்கே நிற்பது யார் என்று. நாம் பிறந்த இடத்தைக் காட்டுவோம். எந்தெந்தப் பெயரின் நூல் அதே இடத்தில் முடிகிறதோ அவை மட்டும் மாறும். அடுத்த வீட்டு டயாவுக்கு எதுவும் தெரியாது.

சொல்வதற்குச் சுலபம். மரத்தைக் கட்டவே ஆனி முடிந்துவிட்டது. ஆடி பிறந்தபோது என் பெயர்மாற்று வேலை செய்தது. டயா இரண்டும் பிரிந்து நின்றன. பெருமையாக அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா அன்று அதிசயமாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்தார். பெயர் மாற்று பட்டனை அழுத்தினார். எந்தெந்த இடம் மாறும் என்று ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. சரி என்று அழுத்துவார் என்று பார்த்தால், அந்த ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, கோப்பின் தலையில் போய் நான்கைந்து காலி வரிகளைப் போட்டார். அதற்குப் பிறகு திரும்பி வந்து சரி கொடுத்தார்.

கோப்பு கந்தலாகிவிட்டது. பினிஷ் டயா என்ற சொல் அடைப்புக்குறிக்கு நடுவில், எண்ணுக்கு நடுவில், வேறு சொற்களின் வயிற்றில் போய் விழுந்து கிடந்தது.

"ஏலே, ஒன் ஆளு செத்துட்டாம்ல" என்றார் அக்கா.

"இப்பத்தானக்கா இருந்தான்?"

"இருந்தான். நீ பிடிச்சு வச்சிருந்தது அவன் பொணத்த."

முதுகு திரும்பிவிட்டது. நான் சொல்லிப் பார்த்து, தடுமாறி, ஆவணத்தைத் திரும்பப் படித்து, மறுநாள்தான் விளங்கிக்கொண்டேன். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் எடிட்டர் பழைய மரத்தை எறிந்துவிட்டுப் புது மரம் கட்டிவிடும். பழைய மரத்தில் இருந்த ஆட்கள் செல்லாது. ஜன்னல் திறந்தபோது நான் பிடித்துவைத்த ஆட்களிடம் பழைய இடம்தான் இருந்தது. மேலே வரிகள் சேர்ந்ததும் எல்லாம் கீழே நகர்ந்துவிட்டது. நான் பழைய இடத்திலேயே போய் எழுதிவிட்டேன். காலி செய்துவிட்டுப் போன வீட்டில் போய்க் கல்யாணப் பத்திரிகை வைத்த கதைதான்.

பிளக்இன் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் விழுவார்கள். ஆளைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. விலாசத்தை வைத்துக்கொள்ள வேண்டும்: இன்ன கோப்பு, இன்ன பகுதி, இன்ன பெயர். தேவைப்படும்போது அந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு இன்றைய மரத்தில் போய்த் தேட வேண்டும். விலாசம் இருப்பதாலேயே ஆள் இருப்பதாகவும் நினைக்கக் கூடாது. பகுதியையே அழித்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்தக் கேள்விக்கு ஒரு பங்ஷன் எழுதினேன். என்ன பெயர் வைப்பது என்று யோசிக்கவே இல்லை. இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று கேட்பதை ஆங்கில எழுத்தில் தட்டினேன்: இருக்கீங்களா.

அக்கா படித்துவிட்டு நிமிர்ந்தார். "மெஷின்ட்டயும் ங்க போடுவியால நீ?"

"போட்டாத்தானக்கா ஒழுங்கா பதில் சொல்லும்."

"எங்கூர்ல எழுதியிருந்தா இருக்கியான்னு முடிஞ்சிருக்கும். ரெண்டெழுத்து மிச்சம்." ஆனால் மாற்றச் சொல்லவில்லை. பிளக்இன் நின்றுபோகும் நாள் வரை அந்தப் பெயர் அப்படியேதான் இருந்தது.

அடுத்து மாட்டியது பழனிசாமி அண்ணன் கம்பெனி விதிகளில் ஒரு வரி. ஒரே ஒரு வரி. பழைய ஆபரேட்டர் யாரோ எழுதிவிட்டுப் போனது. அதில் பெயர் நேராக இல்லை. ஆர்டர் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எடுத்து அந்தப் பெயரைக் கூப்பிடும். ஓடும்போதுதான் அது யாரென்று தெரியும். எழுதும்போது எடிட்டரால் சொல்ல முடியாது. நான் பக்கத்தில் இருக்கிற டயாவோடு நூலைக் கட்டிவிட்டேன். அது காம்பாக்டிங்கின் டயா.

"எப்படித் தெரியும்?" என்றது முதுகு.

"பக்கத்துல இருக்குதுங்கக்கா."

"பக்கத்துல இருக்கவம்லாம் சொந்தக்காரனா?"

நூலை அவிழ்த்தேன். ஆளு தெரியல என்று தனியாக ஒரு தலைப்புக் கொடுத்து அந்த வரியை அந்த ஜன்னலிலேயே காட்டினோம். அதற்கு மேலே இன்னொரு தலைப்பும் அக்கா சேர்க்கச் சொன்னார்: இதே எழுத்து, வேற ஆளு. மாறப்போகிறவர்களை எல்லா எடிட்டரும் காட்டும். ஒரே எழுத்தாக இருந்தும் தொடப்படாமல் நிற்கப்போகிறவர்களையும் காட்ட வேண்டும் என்றார். துணி கெட்டுப்போன மனுசன் அதைத்தான் கேட்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மோகன் சாருக்கு அந்த ஆளு தெரியல தலைப்பு பிடிக்கவில்லை. "காசு வாங்கிட்டுத் தெரியலைன்னு சொல்றதுங்களா? மறைச்சு வைங்க. அந்த ஒரு வரிதானே."

"மறச்சா அண்ணாச்சி கம்பெனிக்கு நான் வரல சார்" என்றார் அக்கா. மோகன் சார் என்னைப் பார்த்தார். சம்பளம் கொடுக்கிறவர். நானும் வரலைங்க சார் என்றேன். தலைப்பு அப்படியே நின்றது.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மோகன் சார், அக்கா, நான் மூவரும் பழனிசாமி அண்ணன் கம்பெனிக்குப் போனோம். ஆபீஸ் ரூமில் முதலாளி பழனிசாமி, கம்ப்யூட்டர் பழனிசாமி. வேண்டுமென்றே கட்டிங் பழனிசாமியையும் வரச்சொல்லி உட்கார வைத்திருந்தார் அண்ணன்.

"இவன் பேரை மாத்துங்க. என் பேரு மாறுதான்னு பாக்கறேன்" என்றார்.

"எனக்கு எதுக்குங்ணா வேற பேரு? இதுலயே பொண்ணு குடுத்துட்டாங்க" என்றார் கட்டிங் பழனிசாமி.

சிரிப்பு அடங்கியதும் கம்ப்யூட்டர் பழனிசாமி உட்கார்ந்தார். காம்பாக்டிங் டயாவின் மேல் நிறுத்தி, பட்டனை அழுத்தினார். ஜன்னல் திறந்தது. நாங்கள் விளக்கம் சொல்லக் கூடாது என்று வழியிலேயே முடிவாகியிருந்தது.

மாறப்போகும் பெயர்களை அண்ணன் விரல் வைத்துப் படித்தார். எல்லாம் காம்பாக்டிங்; அதைக் கூப்பிடும் கட்டிங் விதி ஒன்று. விரல் கீழே இறங்கியது. இதே எழுத்து, வேற ஆளு. அதில் நிட்டிங் டயா நின்றது. அங்கே விரலை எடுக்காமல் வைத்திருந்தார்.

"இது மாறாது?"

"மாறாதுங்ணா" என்றார் கம்ப்யூட்டர் பழனிசாமி.

"உன்னையக் கேக்கல. இது சொல்லுதா?"

"சொல்லுதுங்ணா. அங்கதான் எழுதியிருக்குது."

விரல் இன்னும் இறங்கியது. "ஆளு தெரியல. இது யாருங்க அம்மிணி?"

மோகன் சார் வேட்டி நுனியைத் திருகினார்.

"தெரியல அண்ணாச்சி" என்றார் அக்கா. "ஓடுறப்பத்தான் அது யாரக் கூப்பிடும்னு தெரியும். எங்களால சொல்ல முடியாது. உங்க ஆளுதான் சொல்லணும்."

கம்ப்யூட்டர் பழனிசாமி அந்த வரியைத் திறந்து, ஆர்டர் ஷீட்டை எடுத்து வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கழுத்துப் பட்டி ரிப்புக்குங்ணா" என்றார் கடைசியில். "நிட்டிங் டயாத்தான் இது. இதையத் தொட்டிருந்தா இந்தத் தடவ துணி சரியா வந்திருக்கும், கழுத்து வந்திருக்காது."

நான் முதலில் கட்டிய நூல் அதே வரியில்தான் தப்பாக இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

பழனிசாமி அண்ணன் சாய்ந்து உட்கார்ந்தார். "தெரியலைன்னு சொன்னதால பொழச்சுது" என்றார். அப்புறம் கம்ப்யூட்டர் பழனிசாமியிடம், "அமுத்து."

அவர் அழுத்தும் முன்னால் அக்கா கையை நீட்டி, கோப்பின் தலையில் ஐந்தாறு காலி வரியைப் போட்டார். வாடிக்கையாளர் முன்னாலேயே. "இப்ப அமுத்துங்க" என்றார்.

மாற வேண்டிய பெயரெல்லாம் தன் தன் இடத்தில் மாறின. எந்த எண்ணின் வயிற்றிலும் எதுவும் விழவில்லை. அன்று மாலையே புது ஆர்டருக்கு நிட்டிங் புரோகிராம் பிரிண்ட் எடுத்தார்கள். மெஷின் டயாவை அண்ணன் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எத்தனை வருடமானாலும் அந்தக் கண்ணாடியை அவர் விடவில்லை. விட வேண்டுமென்று நாங்களும் கேட்கவில்லை.

சோமனூர் ஆர்டர் திரும்பி வரவில்லை. அந்தத் தறி முதலாளிக்குப் பேனாவைப் பிடுங்கியது மறக்கவில்லை என்று மோகன் சார் சொல்லுவார். மற்ற கம்பெனிகள் எதுவும் போகவில்லை. அந்தப் புதியவர் கேட்டாரே, பேர் மாத்தறதுக்கா இத்தனை வருசம் என்று. ஆமாம் தம்பி, அதற்குத்தான். இன்று நீங்கள் அழுத்துகிற எடிட்டருக்குள்ளும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரிடமும் நீங்கள் யாருங்க என்று கேட்டு நூல் கட்டியிருக்கிறார். நீங்கள் பிளக்இன் எழுதினால் எழுத்தைப் பிடிக்காதீர்கள், ஆளைக் கேளுங்கள். ஆளைக் கையில் பிடித்து வைத்திருக்காதீர்கள், விலாசத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுங்கள். தெரியாத ஆளைத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆவணி பிறந்ததும் பழனிசாமி அண்ணன், கெட்டுப்போன துணியின் நஷ்டக் கணக்கை அனுப்பினார். கூடவே ஒரு பொட்டலம். பிரித்தால், அந்த வெளிர் ரோஸ் துணியில் கழுத்து, கைக்கு ரிப் எல்லாம் வைத்து ஒழுங்காகத் தைத்த ஒரு பனியன். என் மானிட்டருக்கு அளவு. தூசி படாமல் மாட்டி வைத்தோம். நூல் பாதி அவர் ஏற்றுக்கொண்டிருந்தார், பாதி எங்களுக்கு. நிட்டிங் கூலி, சாயக் கூலி எங்களுக்கு. குறைச் சரக்கு வாங்கும் செகண்ட்ஸ் கடையில் துணி விற்று வந்ததைக் கழித்திருந்தார். கடைசி வரியில் மானிட்டர் பனியன் ஒன்று, தையல் கூலி உட்பட, இலவசம் என்று எழுதி, கீழே கோடு போட்டு, நாங்கள் கட்ட வேண்டியதைக் கூட்டியிருந்தார்: எழுபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.